பச்சை நைலான் கயிறு

எங்கள் பயணங்களுக்கு ஒரே சட்டம்தான். தார் ரோட்டைக் குறுக்கே கடக்கலாம், அதில் பைக் ஓட்டக்கூடாது. அஞ்சுகிராமத்தில் கிளம்பினால் குளத்தங்கரை, சானல்கரை, செம்மண் தடம் என்று புகுந்து புகுந்து அருமனைக்கு மேலே ரப்பர் தோட்டங்களுக்குள் ஏறிவிடுவோம். அங்கிருந்து மலையடிவாரம் பிடித்து நாள்கணக்காகப் போவோம்.

கூட வருகிறவன் இனயத்துக்காரன், கல்லூரியில் என்னோடு படித்தவன். நல்லவன். அவனோடு ஓட்டினால் அதுதான் தொல்லை. கடந்து வந்த ஒவ்வொரு கேட்டையும் இறங்கிப் போய்ச் சாத்திவிட்டு வருவான். "சாமியாராப் போயிருக்கலாம்லே" என்பேன், சிரிப்பான். எனக்கு வாய் அதிகம். குரலும் அப்படித்தான். சபைக் குவயரில் பாடும்போது டெனர் வரிசையே என்னை நம்பித்தான் நின்றது.

அன்று தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா எங்களை நிறுத்தினாள். "மேல தடத்துல கயிறு கெட்டியிருக்கும். அவுத்துட்டுப் போங்க, போனா திரும்பக் கெட்டிருங்க பிள்ளைகளே. மாடு கேறும்."

நான்தான் முன்னால் போனேன். கொஞ்ச தூரத்தில் ஓடை வந்தது. ஹெல்மெட் கண்ணாடியில் அப்பியிருந்த சேற்றைக் கழுவ வண்டியைப் புதருக்குள் இறக்கினேன். அவன் என்னைக் கவனிக்காமல் கடந்து போனான். கத்தினேன், வண்டிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

அவன் கயிற்றருகே போனபோது அது கட்டியே இருந்திருக்கிறது. நான் கடந்து போய்த் திரும்பக் கட்டியிருப்பேன் என்று நினைத்திருக்கிறான். நானா? வாழ்நாளில் ஒரு கேட்டைச் சாத்தியவன் இல்லை நான். என்னைப் பற்றி அப்படி நினைக்க உலகத்திலேயே அவன் ஒருத்தனால்தான் முடியும். அவிழ்த்து, கடந்து, பத்திரமாகக் கட்டிவிட்டு, என்னைப் பிடிக்க விரட்டியிருக்கிறான்.

நான் அவனைப் பிடிக்க விரட்டினேன். கயிறு எனக்கும் ஞாபகம் இருந்தது. முன்னால் போனவன் அவிழ்த்து வைத்திருப்பான் என்று நம்பி முறுக்கினேன். பச்சைத் தோட்டத்தில் பச்சை நைலான் கயிறு. தாடைக்குக் கீழே பிடித்தது.

குரல்வளை நொறுங்கிவிட்டது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து உயிரைக் காப்பாற்றினார்கள். பல மாதம் கழித்துக் குழாயை எடுத்தபோது மிச்சம் இருந்தது வெறும் காற்று. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற காற்று. பாட்டு இனி வராது என்று டாக்டர் சொன்னார்.

என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும், கேட்காமலேயே, "நான்தான் கெட்டினேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான் அவன். அதைக் கேட்கக் கேட்க எனக்கு எரிந்தது. திட்டவும் முடியாது, தொண்டை இல்லை. ஒனக்க மேல தப்பில்ல என்று ஒரு வார்த்தை, அது காற்றாகவாவது வந்திருக்கும். நான் சொல்லவில்லை. அவன்மேல் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அவன் வண்டியை இனயத்தில் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடினான், பிறகு தொடவேயில்லை. கடல்காற்றில் செயின் துருவேறி இறுகிக் கிடந்தது.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு என் இடம் வெறுமே கிடக்கக்கூடாது என்று குவயரில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். பாட்டுப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தேன். தன் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் பூசை கண்டுவிட்டு அவ்வளவு தூரம் வந்து கடைசி பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். நான் வாயை மூடும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் முற்றத்தில் வந்து கையைப் பிடித்தான்.

"ஒனக்க சத்தம் கேட்டுது மக்கா. அத்தன பேருக்க எடையில தனியாட்டுக் கேட்டுது."

சொல்ல வேண்டியதையெல்லாம் மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமா, இன்னைக்கு வந்துது" என்றேன்.

அவனுக்குக் கேட்கவில்லை. குனிந்து, காதை என் வாயருகே கொண்டுவந்தான்.

இன்னொரு தடவை சொன்னேன்.