பட்டு நூல் கருகும் வாடை

எங்கள் வீட்டுக்குப் பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்களுக்கு எங்கள் மேல் அத்தனை நம்பிக்கை. புடவை ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திக் காட்டச் சொல்வார்கள். அசல் பட்டென்றால் முடி பொசுங்கும் வாடை வரும். அறுபதுகளின் கடைசியில், அப்பாவும் அண்ணனும் தறியில் இருக்க, புடவையை விரிப்பதும் நூலைக் கொளுத்துவதும் என் வேலை. எனக்குப் பதினெட்டு வயது, வாயும் நீளம்.

அண்ணி தாமலிலிருந்து வந்தவள். என்னைவிட இரண்டு வயதுதான் கூட. வந்த முதல் மாதமே கவனித்தேன். நான் நூலைக் கொளுத்தினால் போதும், அவள் கையில் இருப்பது கீழே விழும். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் காதில் விழாது. சற்றுக் கழித்து வேர்த்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஒருநாள் கிணற்றடியில் என்னிடம் மட்டும் காரணத்தைச் சொன்னாள். அவளுக்குப் பத்து வயதில், அவள் கண்ணெதிரே, அக்காவின் புடவையில் அடுப்புத் தீ பற்றி அக்கா செத்துப்போயிருக்கிறாள். கொளுத்துவதற்கு முன் ஒரு குரல் கொடுத்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவதாகச் சொன்னாள். சரி என்றேன். சில மாதங்கள் குரல் கொடுக்கவும் செய்தேன்.

பிறகு அலுத்துவிட்டது. என்றோ நடந்ததற்கு இன்று ஏன் நடுங்க வேண்டும், வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று நினைத்தேன். பழகினால் பயம் தெளியும் என்று நானே வைத்தியமும் தீர்மானித்தேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். எனக்கு ஒருத்தி போதுமாயிருந்தது.

ஒரு முகூர்த்த மாதத்தில் வெளியூரிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்திருந்தார்கள். அரக்குப் புடவையை விரித்து வைத்திருந்தேன். அண்ணி அவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் பக்கத்தில் வரட்டும் என்று காத்திருந்து, குரல் கொடுக்காமல் கொளுத்தினேன்.

"அக்கா" என்று அலறிக்கொண்டு தண்ணீர் முழுவதையும் அந்தப் புடவையின் மேல் கொட்டினாள். மண்டியிட்டு, இரண்டு கையாலும் அதை அடித்து அடித்து அணைத்தாள். சாயம் இறங்கிச் சரிகைக் கரை பாழானது. வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

பேய் பிடித்தவளை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அம்மா புலம்பினாள். அண்ணன் தறியிலிருந்து எழுந்து வந்து என்னைத்தான் கேட்டார், என்ன நடந்தது என்று.

"தெரியலண்ணா, திடீர்னு இப்படி பண்ணிட்டாங்க" என்றேன்.

மறுநாள் அவளைத் தாமலில் விட்டுவிட்டு வந்தார். ஒரு வாரம் என்று போனது ஒரு வருஷமானது. அம்மா அண்ணனுக்கு வேறு பெண் பார்த்துக் கட்டிவைத்தாள். அப்போதும் என் நீண்ட வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

எழுபதுகளில், எனக்கும் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு, தாமலுக்குப் போனேன். அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அந்த வாடை வந்தால் அக்கா ஞாபகம் வந்துவிடுமா என்று கேட்டேன்.

"ஞாபகம் வந்தா அழுதுட்டு வேலயப் பாக்கலாம்மா. இது அப்படி இல்ல. உங்க வூடு இருக்காது, நீ இருக்க மாட்ட. எனக்குப் பத்து வயசு. அக்கா எரிஞ்சிக்கினு இருக்குது, என் கையில ஒண்ணும் இல்ல. எத்தினி வாட்டி வந்தாலும் இல்ல. அன்னிக்கு ஒருநாள்தான் கையில தண்ணி இருந்துச்சி."

வேண்டுமென்றே கொளுத்தினேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அழுதேன். அவள் அழவில்லை, கடலையை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்மா. இங்க வந்து வுட்டப்பவே உங்க அண்ணங்கிட்ட சொன்னேன். என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டான்னாரு."

அண்ணன் சாகும்வரை அப்படித்தான் நம்பினார்.