அண்டா நிறையச் சுடுதண்ணி

கட்டைப் படகு பஞ்சாட்சரம் ஐம்பத்திரண்டு வயதாகியும் வெந்நீரில் குளித்ததே கிடையாது. குளிக்க வேண்டும் என்று தோன்றினால் படகு விளிம்பிலிருந்து கால்வாயில் குதிப்பார். போதும் என்று தோன்றினால் ஏறிவிடுவார். மயிலாப்பூர் எல்லைக்குள் வந்துவிட்டால் மட்டும் குதிக்க மாட்டார். "அது தண்ணி இல்ல நைனா, மயிலாப்பூரைக் கழுவி ஊத்தனது" என்பார். வெந்நீர் என்பது அவரைப் பொறுத்தவரை காய்ச்சல்காரர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் உரிய வஸ்து. இரண்டும் தமக்கு வந்ததில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

ஆனால் அவர் பிழைப்பு ஓடியதென்னவோ அடுத்தவர்களின் வெந்நீரில்தான். மரக்காணம் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் கட்டை ஏற்றி, கால்வாய் வழியே கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்து, பெரும்பகுதியை விறகுத் தொட்டி வியாபாரிகளிடம் இறக்குவார். மிச்சத்தைக் கரையோரச் சந்தில் ஏழெட்டு வீடுகளுக்கு நேரடியாகப் போடுவார். போடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு சின்னச் சடங்கு உண்டு. வாளியில் கால்வாய்த் தண்ணீரை மொண்டு மொண்டு கட்டைக் குவியலின் மேல் வீசுவார். விறகு எடைக்கு விற்பது. தண்ணீருக்கும் எடை உண்டு. இதைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடம் போகவேண்டிய அவசியம் இல்லை. யாராவது கேட்டால், "வெய்யில்ல வந்த கட்டைப்பா, அதுக்கும் தாகம் எடுக்காதா?" என்பார்.

அந்தக் கட்டையை வாங்கிய வீடுகளில் அடுப்பு புகைந்தது. பெண்மணிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து புகார் சொன்னார்கள். அதற்குப் பஞ்சாட்சரத்திடம் பதினெட்டு வருஷமாக ஒரே பதில்தான்.

"ஈரமா? அது சவுக்கோட பச்சை வாசனைம்மா. ஊதுங்கம்மா, பத்திக்கும்."

சந்தே ஊதிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வீட்டு அபயாம்பாள் மட்டும் ஊதியும் நம்பாதவள். செக்ரடேரியட்டில் சூபரின்டெண்டென்டாக இருந்த ராஜகோபாலனின் மனைவி. ஒவ்வொரு லோடு கட்டையையும் மொட்டை மாடியில் மாதக்கணக்கில் காயப்போட்டு, கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் எரிப்பாள். ஆனால் வந்த கட்டையில் நாலைந்தை எடுத்து, காயவைக்காமல் அப்படியே குளியல் வெந்நீர்ப் பாய்லரில் வைத்துப் பார்க்கவும் தவற மாட்டாள். பஞ்சாட்சரத்தைத் திட்ட ஆதாரம் வேண்டாமா? திட்டி முடித்ததும் சொல்வாள்: "ஈரம்னு உன் வாயால ஒரே ஒரு தடவை சொல்லிடு. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

"இல்லாதத எப்படிம்மா சொல்றது? நாக்கு அழுகிடும்" என்பார் பஞ்சாட்சரம்.

மெட்ராஸ் ராஜ்யம் தமிழ்நாடு என்று பெயர் மாற்றிக்கொண்ட வருஷம், ஆவணி மாதத்தில், அவருடைய ஒரே பெண் மரகதத்துக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை மாம்பலம். பெயர் ஜவஹர். பாண்டி பஜார் ஜவுளிக்கடை ஒன்றில், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை மடித்து வைக்கிற உத்தியோகம். பையன் பரம சாது. பையனைப் பெற்றவள் சாது இல்லை. நிச்சயதார்த்தத் தட்டை மாற்றுகிற நேரத்தில் அந்த அம்மாள் சபையைப் பார்த்துக் கேட்டாள்:

"பொண்ணு வூட்டுக்காரங்க முக்காவாசி நாளு படகுலயே குடித்தனம் பண்றாங்களாமே. தல தீவாளிக்கு எம் புள்ளைய எங்க ஒக்கார வெச்சுக் குளிப்பாட்டுவாங்க? காவாத் தண்ணிய மொண்டு ஊத்துவாங்களா?"

சபை சிரித்தது. பஞ்சாட்சரத்துக்குக் காது சிவந்தது.

"சம்பந்தியம்மா, கட்டை யாவாரி வூட்ல சுடுதண்ணிக்கா பஞ்சம்? படகுலயே ஒக்கார வெச்சு அண்டா நெறய சுடுதண்ணி ஊத்தறேன். கைய வெச்சா கை வெந்துடணும். தீவாளி சாயங்காலம் உங்க புள்ளையவே கேட்டுக்கங்க."

"கேக்கத்தான் போறேன்" என்றாள் சம்பந்தியம்மாள்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு மழை பிடித்துக்கொண்டது. ஊர்க் குடிசையின் கூரை இறங்கிவிடவே மனைவி பூங்காவனமும் பாத்திர பண்டங்களோடு, சந்துக் கரையில் கட்டியிருந்த படகுக்கு வந்துவிட்டாள். தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் மரகதமும் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். ஜவஹருக்கு நீச்சல் தெரியாது. பலகையில் கால் வைத்து ஏறியவன், பாய்மரக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சாப்பிடும்போது மட்டும் ஒரு கையை விட்டான்.

பஞ்சாட்சரம் ஏற்பாடுகளில் குறை வைக்கவில்லை. கல்யாணப் பாத்திரக் கடையிலிருந்து பித்தளை அண்டா ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். படகின் பின்பக்கம், ஓலைப்பாய்க் கூரைக்கடியில் மணலைக் கொட்டி, மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டினார். பூங்காவனம் கரைமேல் கார்ப்பரேஷன் குழாயில் சண்டை போட்டு ஆறு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஆறையும் அண்டாவில் சாய்த்தார்.

"ஒரு கொடம் தனியா இருக்கட்டும்யா" என்றாள் பூங்காவனம்.

"அண்டா நெறயன்னு சபையில சொல்லிகீறேன். அஞ்சு கொடம் ஊத்துனா அண்டா நெறயவா?"

வெந்நீரில் முன்பின் அனுபவம் இல்லாத மனிதர். பூங்காவனம் காலிக் குடங்களைக் கவிழ்த்து வைத்தாள்.

காலை நாலரை மணிக்கு ஜவஹரை மணைப்பலகையில் உட்காரவைத்து உச்சந்தலையில் நல்லெண்ணெயைக் குளிரக் குளிர வைத்தார்கள். பஞ்சாட்சரம் தீக்குச்சியைக் கிழித்தார். காய்ந்த சுள்ளி முழுவதையும் முதல் நாள் அதிரச அடுப்பு சாப்பிட்டுவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது படகு நிறையச் சவுக்குக் கட்டை. வானத்து மழை மூன்று நாள் நனைத்தது. அதற்கு முன்பே பஞ்சாட்சரம் தம் கையாலேயே தாகம் தீர்த்து வைத்திருந்தார்.

பத்துக் குச்சி போயிற்று. லாந்தரில் இருந்த கிருஷ்ணாயிலைக் கவிழ்த்தார். கிருஷ்ணாயில் ஜோராக எரிந்துவிட்டு அணைந்தது. கட்டை தனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பதுபோல் அப்படியே கிடந்தது. பூங்காவனம் ஊதுகுழலை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஊதினார். பதினெட்டு வருஷத்துப் புகை அத்தனையும் திரும்பி வந்தது.

"மாமா, கண்ணு எரியுது."

"எண்ணெயா மாப்ளே, பொகையா?"

"ரெண்டும் மாமா. குளுருது வேற."

சுற்றுவட்டாரம் முழுக்கப் பட்டாசு வெடிக்க ஆரம்பித்தது. அதாவது, ஊர் குளித்துவிட்டது. எண்ணெய் வைத்த தலை இனிமேல் பின்வாங்க முடியாது. பஞ்சாட்சரம் அண்டாவில் கை வைத்துப் பார்த்தார். சாயங்காலம் மாம்பலத்தில் கேட்கப்போகும் கேள்வி காதில் விழுந்தது. கரையைப் பார்த்தார். அந்தச் சந்தில் காய்ந்த கட்டை உள்ள வீடு ஒன்றே ஒன்றுதான்.

அபயாம்பாள் வீட்டுக் கொல்லையிலும் புகைதான். மழைக்கு முதல் நாள் அவர் போட்ட கட்டையைப் பாய்லரில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். ராஜகோபாலன் தலையிலிருந்து எண்ணெய் சொட்ட, இடுப்பில் துண்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து, "என்ன சார், கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று ஒரு குரல் கேட்டது.

"ஆயிண்டே இருக்கு" என்றார் ராஜகோபாலன்.

கொல்லைக் கதவில் நின்ற பஞ்சாட்சரத்தை அபயாம்பாள் பார்த்தாள். "வாப்பா. பொண்ணுக்குத் தலை தீபாவளியாமே. மாப்பிள்ளை குளிச்சாச்சா?"

"எண்ணெ வெச்சுகினு ஒக்காந்துகினு கீறாரும்மா. அதான்... ஒரு கூடை காஞ்ச கட்டை..."

"கட்டையா? உனக்கா? படகு நெறைய வெச்சிண்டிருக்கியே!"

"மழையில நனைஞ்சிட்சும்மா."

"மழைக்கு முன்னாடி?"

பஞ்சாட்சரம் தலையைச் சொறிந்தார். அபயாம்பாள் பாய்லருக்கு முன்னால் ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள். "இது நீ போட்ட கட்டை. மழையில நனையலை, கொட்டகையிலதான் இருந்தது. வெறும் பச்சை வாசனைதானே? உட்காரு. ஊது, பத்திக்கும்."

உட்கார்ந்தார். ஊதினார். கன்னம் இரண்டும் பன்னு மாதிரி ஆயின. பாய்லர் குழாய் வழியாகப் போகவேண்டிய புகை, ஆளைத் தெரிந்துகொண்டதுபோல் கீழ்வழியாகவே வந்தது.

"அபயா, காஞ்ச கட்டையைப் போடேன்டி. எண்ணெய் மூக்கு நுனிக்கு வந்தாச்சு" என்றார் ராஜகோபாலன்.

"செத்தப் பேசாம இருங்கோன்னா. பதினெட்டு வருஷமா நான் ஊதினேன், நீங்க கேட்டேளா?"

கால் மணி நேரம் ஆயிற்று. கால்வாய்ப் பக்கம் மரகதத்தின் குரல், "நைனா, அவருக்குத் தும்மல் வந்துட்சி!" என்று கூப்பிட்டது. பஞ்சாட்சரம் ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

"சொல்லிடுப்பா" என்றார் ராஜகோபாலன், ஃபைலில் கையெழுத்துக் கேட்கிற குரலில். "ஒரு வார்த்தைதானே. உன் மாப்பிள்ளைக்காக இல்லேன்னாலும் எனக்காகச் சொல்லிடு."

பஞ்சாட்சரம் பாய்லரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஈரந்தாம்மா."

"சரியாக் கேக்கலை."

"கட்டை ஈரம். மழையில்ல. நாந்தான் வாளியில மொண்டு ஊத்துவேன். எல்லா லோடுக்கும்."

 அபயாம்பாள் இன்னும் குளிக்கவே இல்லை. ஆனாலும் அவள் முகத்தில் கங்கா ஸ்நானம் பண்ணிய களை வந்துவிட்டது. கொட்டகைக்குப் போய் இரண்டு கூடை எடுத்துவந்தாள். ஒன்றைத் தன் பாய்லருக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்னொன்றை அவரிடம் கொடுத்தாள். "போன ஐப்பசியில நீ போட்ட கட்டைதான். கணகணன்னு எரியும். இந்தா, குடையும் கொண்டு போ."

அன்றைக்குச் சந்தில் இருந்தவர்கள் பார்த்த காட்சி: தலையில் கூடை, கூடைக்கு மேல் குடை, குடைக்கு வெளியே தொப்பலாக நனைந்துகொண்டு பஞ்சாட்சரம்.

கட்டை பற்றியது. என்ன கட்டை! தம் வியாபாரச் சரக்கு இவ்வளவு அழகாக எரியும் என்பதைப் பஞ்சாட்சரம் அன்றுதான் பார்த்தார். சொக்கிப்போய் மொத்தக் கூடையையும் அடுப்பில் தள்ளினார். ஏழரை மணிக்கு அண்டா தளதளவென்று கொதித்தது. படகே லேசாக அதிர்ந்தது.

"கைய வெய்யுங்க மாப்ளே! வெச்சுப் பாருங்க!"

ஜவஹர் ஆவியில் விரலை நீட்டியவன் அலறிக்கொண்டு கம்பத்தைப் பிடித்தான்.

"வெளாவ ஒரு சொம்பு பச்சத்தண்ணி குடும்மா" என்றார் பஞ்சாட்சரம்.

"எங்க கீது?" என்றாள் பூங்காவனம். "ஆறு கொடமும் அண்டாவுலதான் கீது."

கார்ப்பரேஷன் குழாய் ஏழு மணிக்கே நின்றுவிட்டது. மழைத் தண்ணீரையாவது பிடிக்கலாம் என்று கூரை விளிம்பில் குடத்தை வைத்தார். மூன்று நாளாக மூச்சு விடாமல் பெய்த மழை, அப்போது பார்த்து நின்றுவிட்டிருந்தது. படகைச் சுற்றி நாலு பக்கமும் கால்வாய். கால்வாய்த் தண்ணீரை ஒரு சொம்பு விளாவினால் சம்பந்தியம்மாள் கேட்டது அப்படியே பலித்துவிடும். அபயாம்பாள் வீட்டில் கிணறு உண்டு. ஆனால் இன்னொரு தடவை அந்தக் கொல்லைக்குப் போனால் எதையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமோ என்று பயமாக இருந்தது.

எல்லாரும் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பஞ்சாட்சரம் கீழே இருந்த தணலைத் தள்ளினார். விசிறியைத் தேடினார். விசிறியை எப்போதோ அடுப்பில் போட்டாயிற்று.

ஜவஹர் மூன்று மணி நேரமாக எண்ணெயில் ஊறியவன். சும்மா இருக்க முடியாமல் துண்டைக் கடைப் புடவை மாதிரி எட்டாக மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து மாமனாருக்கு அவன் சொன்ன முதல் யோசனையை அப்போதுதான் சொன்னான்.

"ஊதுங்க மாமா, ஆறிடும்."

பூங்காவனம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மரகதம் வைத்துக்கொள்ளவில்லை. சொம்பு சொம்பாக மொண்டு, ஒவ்வொரு சொம்பையும் ஊதி ஊதி ஆறவைத்து, எட்டே முக்காலுக்கு மாப்பிள்ளையை ஒருவழியாகக் குளிப்பாட்டி முடித்தார்கள்.

அன்று சாயங்காலம் மாம்பலத்தில் பையன் செருப்பைக் கழற்றுவதற்குள் தாயார் கேட்டாள்: "இன்னாடா, சுடுதண்ணி கெடச்சிதா?"

ஜவஹர் சிவந்த விரலைக் காட்டினான். "ஒரே கொதி. ஊதி ஊதித்தாம்மா ஊத்துனாங்க. அண்டாவுல பாதி இன்னும் அப்டியே கீது."

சம்பந்தியம்மாள் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அதுக்குன்னு புள்ளைய வேக வெப்பாங்களா?" என்றாள். கேள்வி மாறிவிட்டது. அதுவே பஞ்சாட்சரத்துக்குப் போதும்.

தை மாதத்து லோடு வந்தது. மூன்றாவது வீட்டு வாசலில் கட்டையை இறக்கியபோது அபயாம்பாள் வெளியே வந்து, வாய் திறக்காமல், ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தாள்.

"ஈரந்தாம்மா" என்றார் பஞ்சாட்சரம். "மாடியில போட்டு வைங்க. தீவாளிக்கு ஆவும்."

அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த அம்மாளும் ஒரு கட்டையை எடுத்து முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"பச்சை வாசனைம்மா" என்றார். "ஊதுங்கம்மா, பத்திக்கும்."