வாசலுக்குக் குறுக்கே போன கயிறு

ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு எந்தப் புயல் எந்த ஊரில் பிடித்தது என்பது குழம்பிப்போகும். நான் நனைந்த புயல்களில் பாதிக்குப் பேர்கூட ஞாபகமில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வராமலே போன ஒரு புயலை மட்டும் மறக்கவில்லை.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசி மதில் முடிகிற இடத்தில் எங்கள் தெரு தொடங்கும். தாத்தா கட்டிவிட்டுப் போன ஒரே வீட்டை அப்பாவும் பெரியப்பாவும் இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தரையைப் பிரித்தார்கள், சுவரைப் பிரித்தார்கள். மேலே கிடந்த சிமெண்ட் ஷீட்டைப் பிரிக்க முடியவில்லை. ஒரு ஷீட்டின் ஓரம் அடுத்த ஷீட்டின் மேல் ஏறிப் படுத்திருக்கும். எங்கே அப்பாவின் கூரை முடிந்து எங்கே பெரியப்பாவின் கூரை தொடங்குகிறது என்பது மழைக்கும் தெரியாது.

முன்வாசல் எங்கள் பங்குக்கு வந்தது. பெரியப்பா பங்கில் வாசல் இல்லை. பக்கவாட்டுச் சன்னலை இடித்து ஒரு தகரக் கதவை மாட்டிக்கொண்டார். உள்ளே இடம் போதாததால் அது வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். இரண்டு பங்குக்கும் நடுவில் பழைய வழி ஒன்று இருந்தது. எங்கள் பக்கம் அதை இரும்பு பீரோவால் அடைத்திருந்தோம். அவர்கள் பக்கம், கல்யாணமாகிப் போய்விட்ட பெரியப்பா மகளின் மஞ்சள் நீராட்டு பேனரைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த பேனரில் அப்பாவும் கைகூப்பி எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார்.

சண்டைக்குக் காரணம் ஒரு ஆட்டுத்தலை. ஆடியில் அம்மனுக்கு வெட்டுகிற ஆட்டின் தலை மூத்தவனுக்குப் போக வேண்டும். அந்த வருஷம் ஆடு அப்பா வாங்கியது. பெரியப்பா லோடு இறக்கிவிட்டு வருவதற்குள் அம்மா தலையைக் குழம்பு வைத்துவிட்டாள். பெரியப்பா வந்து சட்டியை எட்டிப் பார்த்தார், திரும்பிப் போனார். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

அதே வருஷம் ஐப்பசியில் புயல் வந்தபோது ஆளுக்கு ஆள் தன் பாதிக் கூரையை மட்டும் கட்டினார்கள். நடுவில் இருந்த ஷீட் யாருடையது என்று முடிவாகாததால் அதை யாருமே கட்டவில்லை. காற்று நேராக அந்த இடத்தில்தான் நுழைந்தது. இரண்டு பாதியும் பறந்தன. வெகுநாள் பள்ளிக்கூடத்தில்தான் படுத்தோம். புது ஷீட் போட அம்மாவின் கம்மல் போயிற்று.

மறு வருஷம் மறுபடி புயல் என்றார்கள். பழவேற்காட்டுப் பக்கம் கரையேறும் என்று டிவி சொன்னது. பஞ்சாயத்து ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு இரண்டு தடவை தெருவைச் சுற்றியது. அம்மா விடிந்ததிலிருந்து உட்காரவில்லை. டிரம், குடம், குக்கர் என்று ஓட்டையில்லாத எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தாள். ரேஷன் அரிசியை மூடி போட்ட பக்கெட்டில் கொட்டினாள். டிவியை அப்பாவின் ரெயின்கோட்டால் சுற்றிப் பரண் மேல் ஏற்றினாள். என் புத்தகப் பையைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அதில் மட்டும் எனக்குச் சந்தோஷம். நடுநடுவே அப்பாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"போன தபா மாரி ஸ்கூல்ல போய்ப் படுக்க என்னால ஆவாது. கூர போச்சுன்னா எங்க அம்மா ஊட்டுக்குப் போய்ட்டே இருப்பேன். அப்பறம் கூப்ட வராத."

அப்பா முருங்கைக் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். விற்க இன்னொரு கம்மல் வீட்டில் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மதியம் வானம் ஈயப் பாத்திரம்போல ஆனது. பெரியப்பா தோளில் லாரிக் கயிற்றுச் சுருளோடு வந்து எங்கள் முருங்கை மரத்தடியில் நின்றார். லாரி ஷெட்டில் லோடு கட்டுவது அவர் வேலை. அப்பா கையெட்டும் தூரத்தில் இருந்தார். பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"நைனா, ஒங்கப்பன ஏணி எடுத்தாரச் சொல்லு."

அப்பாவும் என்னைத்தான் பார்த்தார். "இன்னாத்துக்குன்னு கேளு."

"இன்னாத்துக்காம்" என்றேன்.

"கூரைய ஒண்ணா கட்டணும். தனித்தனியா கட்டிக்கினு நாறனதத்தான் ஊரே பாத்துச்சேன்னு சொல்லு."

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா ஏணி எடுக்கப் போய்விட்டார்.

இருவரும் மணல் மூட்டைகளோடு கூரைமேல் ஏறினார்கள். நான் ஏணியின் உச்சிப்படியில் நின்று ஒரு கயிற்றுச் சுருளின் இரண்டு பக்கத்துக்கும் தபால்காரனாக இருந்தேன். மூட்டையை இப்படித் தள்ளச் சொல்லு, அப்படி வேண்டாமென்று சொல்லு, கண்ணு தெரியலையா என்று கேளு. சொன்னதையே திருப்பிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. அப்போது ஒரு காற்று அடித்தது. அப்பா தடுமாறி ஷீட்டின் நடுவில் கால் வைக்கப் போனார்.

"டேய் தம்பி! ஆணி மேல கால வைடா!"

பெரியப்பா போட்ட சத்தத்தில் தெருக்கோடி நாய் குரைத்தது. அப்பா காலை இழுத்து, கீழே மரம் ஓடுகிற ஆணி வரிசையின் மேல் வைத்தார். ஷீட் உடையவில்லை. பிறகு பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "பாத்து நடக்கச் சொல்லு நைனா."

ஒரு முனையை எங்கள் பக்கத்து வேப்பமரத்தில் கட்டியாயிற்று. மறுமுனையைப் பிடித்துக் கட்ட அப்பா கீழே இறங்கிப் பெரியப்பா பக்கம் போனார்.

"மூலைக் கம்பத்துல கட்டிடறேன்னு சொல்லு."

"அது ஆடும். கதவாண்ட இருக்கற கல்லுக்கம்பத்துல கட்டச் சொல்லு."

அப்பா ஒரு கணம் மேலே பார்த்தார். என்னவோ கேட்க வந்து கேட்கவில்லை. கல்லுக்கம்பத்தில் கயிற்றைச் சுற்றி, இரும்புக் கம்பியைச் செருகி முறுக்கினார். கயிறு வீணைக் கம்பிபோல விறைத்தது. பெரியப்பா மேலிருந்து அதைத் தட்டிப் பார்த்து, முதல் தடவையாகத் தலையாட்டினார்.

மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் இறங்கி வந்தபோதுதான் தகரக் கதவு உள்ளிருந்து படபடவென்று அடித்தது.

"இன்னாய்யா கதவு தொறக்கல?" பெரியம்மாவின் குரல்.

கயிறு கதவுக்குக் குறுக்கே போயிருந்தது. கதவு ஒரு விரல் நுழைகிற அளவு திறந்து கயிற்றில் முட்டி நின்றது. அந்த இடுக்கில் பெரியம்மாவின் ஒரு கண் தெரிந்தது.

"யோவ், ஊடு இன்னா லாரியாய்யா? என்ன உள்ள வெச்சுக் கட்டிக்கீறியே! நல்லா கட்டனீங்க ரெண்டு பேரும்!"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பா கம்பியில் கை வைத்தார். பெரியப்பா தடுத்தார்.

"இப்ப அவுத்தா மறுபடி இந்தப் பிடி வராதுன்னு சொல்லு. காத்து வந்துக்கினுகீது."

மழையில் நின்றபடியே எல்லாரும் யோசித்தோம். கடைசியில் அம்மாதான், "பீரோவ நகத்துங்க" என்றாள். அப்பாவும் நானும் உள்ளே போய்த் தள்ளினோம். பீரோ தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. பேனரை விலக்கிக்கொண்டு பெரியம்மா ஒரு கையில் கோழிக்கூடையும் மறுகையில் அரிசி டப்பாவுமாக எங்கள் பக்கம் வந்தாள். வந்ததும் அம்மாவைப் பார்த்து, "இன்னாம்மே, இளைச்சுட்ட" என்றாள். அம்மா கோழிக்கூடையை வாங்கிக்கொண்டு, "உக்காருக்கா" என்றாள்.

பெரியப்பா வெளியே முன்வாசலுக்கு நேராக நனைந்துகொண்டிருந்தார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"அந்த ஆள உள்ள வரச் சொல்லு. நனைஞ்சா வாரம் பூரா இருமுவாரு."

அவர் காது கேட்கிற தூரத்தில்தான் இருந்தார். இருந்தாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் வந்தார்.

அன்று ராத்திரி அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை ஐந்து பேரும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தின்றோம். காற்று கூரையைத் தூக்கிப் பார்த்தது. கயிறு முனகியது, விடவில்லை. ஒவ்வொரு முனகலுக்கும் அம்மா மேலே பார்த்தாள். எனக்கு எப்போது தூக்கம் வந்தது என்று தெரியாது.

கண் விழித்தபோது வெயில் அடித்தது. புயல் எங்களை விட்டுவிட்டு ஆந்திரா பக்கம் ஏறிப்போய்விட்டதாம். கூரை முழுசாக இருந்தது. அம்மா வாசலில் நின்று ஷீட்டுகளை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனாள். பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்க வேண்டாம் என்பதில் எனக்குக்கூடக் கொஞ்சம் நிம்மதி. பீரோவைத் திறந்து பையை எடுத்தபோது அந்த நிம்மதி போய்விட்டது.

கயிற்றை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை. இன்னொரு புயல் வருதாம், இருக்கட்டும் என்றார் பெரியப்பா. அப்படியொரு செய்தியை எந்த டிவியும் சொல்லவில்லை. பீரோவைத் திரும்பத் தள்ளலாமா என்று கேட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது என்றார் அப்பா. பொங்கல்வரை பெரியப்பா வீட்டார் எங்கள் முன்வாசல் வழியாகத்தான் போய் வந்தார்கள். மறு ஆடியில் ஆட்டுத்தலையை அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்தாள். தன் வேலையில் இவ்வளவு கெட்டிக்காரரான பெரியப்பா, ஒரு கதவை எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்று நான் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறினேன். நாக்பூர் பக்கம் ஒரு குடோன் வாசலில் முதன்முதலாகத் தனியாக லோடு கட்டினேன். நன்றாக இறுக்கிவிட்டுப் பெருமையாக நின்றபோது பின்மண்டையில் டிரைவரின் அடி விழுந்தது. கயிறு கேபின் கதவுக்குக் குறுக்கே போயிருந்தது.

"கயிறு போடறதுக்கு முன்ன கதவு எங்க இருக்குதுன்னு பாக்கணும்டா. லோடு கட்டறவன் மொதமொதல்ல கத்துக்கறதே அதான்."

பெரியப்பா மீசை முளைத்த நாளிலிருந்து லோடு கட்டியவர். அன்றைக்கு இடம் காட்டியது அவர், முடிச்சுப் போட்டது அப்பா. போடும்போது அந்தத் தகரக் கதவு அப்பாவின் முதுகை உரசிக்கொண்டுதான் இருந்தது.

நான் மண்டையைத் தடவிக்கொண்டே சிரித்தேன். டிரைவர் இன்னொன்று வைத்தார்.