தங்கச்சி தின்னும் சன்னல்

வெண்ணந்தூர்க் கூட்டாளிகளே, கார்டைப் படித்ததும் அடுத்தவனிடம் கொடுங்கள்.

இன்று மத்தியானம் எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரர் நேரில் எழுந்தருளினார். நாலு தடவை ஆள் அனுப்பியதன் பலன்.

விஷயம் இதுதான். சன்னலில் உரியும் பச்சைப் பெயிண்டைத் தங்கச்சி கிள்ளித் தின்கிறாள். இனிக்கிறதாம். ஒரு மாதமாக அவளுக்கு வயிற்றுவலி. பெயிண்டில் ஈயம் இருக்கிறது, உடனே வீடு மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவின் கைத்தறியை இறக்கத் தறிக்குழி உள்ள வேறு வீடு எங்கே காலியாக இருக்கிறது?

அப்பா சுவரைக் காட்டினார். "செவுரெல்லாம் பூசணமுங்க. இந்த ஈரத்துலதான் பெயிண்டும் உரியுதுங்க."

"ஏம்ப்பா, தறி நெய்யறவனுக்கு ஈரம் நல்லதல்லோ? நூலு அறுகாதல்லோ?" என்றார் சொந்தக்காரர்.

நூல் காய்ந்து அறுந்துவிடும் என்று சன்னலைச் சாத்தியே வைப்பவர் அப்பாதான்.

நான் விடவில்லை. "அப்ப பெயிண்டு ஆருக்குங்க நல்லது?"

"பையனுக்கு வாய் நீளம். புதுசா ஒரு பூச்சு அடிச்சுட்டாச் செரியாப் போச்சு சாமி."

சாயங்காலத்துக்குள் ஆள் வந்து, பூசணத்தின் மேலும் சன்னலின் மேலும் அதே பச்சையை அடித்துவிட்டுப் போனான். உள்ளே அம்மா இருமிக்கொண்டே இருக்கிறாள்.

தங்கச்சி சன்னலடியில் உட்கார்ந்து, "அண்ணா, இது எப்பக் காயும்?" என்கிறாள்.

காயவே காயாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல பொய் தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள். அவள் கெட்டிக்காரி, அடிக்கடி தொட்டுப் பார்க்கிறாள்.