நனைய வேண்டிய கண்ணாடி

இங்கே ஜெர்மனியில் மழை வந்தால் யாரும் ஓடுவதில்லை. பக்கத்து வீட்டு ஃப்ராவ் கெல்லர், நம் பேச்சில் கெல்லர் அம்மா, கொடியில் போட்டுவிட்டுப் போன துணி கண்ணெதிரே நனைகிறது. நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வந்த புதிதில் எனக்கு அப்படி நிற்கத் தெரியாது. முதல் தூறலுக்கே வேலியைத் தாண்டிப் போய் அத்தனையையும் அள்ளி, மடித்து வைத்து, சாயங்காலம் அவர் வந்ததும் வாசலில் நின்று நீட்டினேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "என் துணியை நீங்கள் ஏன் தொட்டீர்கள்?" என்றார். "மழை" என்றேன். அந்த ஒரு சொல் போதும் என்று நினைத்தேன். "மழை பெய்தது எனக்கும் தெரியும்" என்றார். வாங்கிக்கொண்டு போனவர் எல்லாவற்றையும் மறுபடி மெஷினில் போட்டதை உங்கள் அம்மா பார்த்தாள்.

பிள்ளைகளா, நீங்கள் இங்கேயே வளர்கிறவர்கள், உங்களுக்கு அப்பா செய்தது வேடிக்கையாக இருக்கும். நம் ஊர் சீவலப்பேரியில் உங்கள் பெரியப்பா பிள்ளைகளுக்கு ஃப்ராவ் கெல்லர்தான் வேடிக்கை. ரெண்டு பக்கமும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எங்கள் தெருவில் கார் பருவ அறுப்பு முடிந்து அவித்த நெல் காய்கிற நாளில் வானம் கறுத்தால், அது எந்த வீட்டு நெல், அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை உண்டா என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. வருஷக்கணக்காகப் பேசாத இரண்டு பேர் ஒரே தார்ப்பாயின் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, பேசாமலே கலைந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கம்தான் முந்தின வருஷம் ஐப்பசியில் ஒரு பெண்ணின் படிப்பையே கவிழ்க்கப் பார்த்தது.

நான் பத்தாவதுக்கு மேல் படித்தவனில்லை. பம்பாயில் கண்ணாடி வெட்டக் கற்று, அந்தக் கைவேலையை வைத்து ஜெர்மனியில் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவன். எங்கள் லபோரில், அதாவது ஆய்வுக்கூடத்தில், வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கிற தகடு செய்ய இளம் ஆட்களைப் பழக்குகிறார்கள். கண்ணாடிமேல் தலைமுடியைவிட மெல்லிதாக ஒரு பூச்சைப் படிய வைக்க வேண்டும். அதை அபூர்வமான உலோகத்தில் செய்யக்கூடாது, விஷமுள்ளதிலும் செய்யக்கூடாது, தாராளமாகக் கிடைக்கிற பொருளில்தான் செய்ய வேண்டும் என்பது பேராசிரியரின் பிடிவாதம். இங்கிரிட் என்ற பெண்ணுக்கு அவர் கொடுத்தது வெள்ளீயமும் கந்தகமும். நம் பித்தளைப் பானைக்குள் பூசுகிற அந்த ஈயம்தான். நம் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசுக்கு மூட்டை மூட்டையாகப் போகிற அதே கந்தகம்தான். பூச்சு படிந்துவிட்டால் மட்டும் போதாது. நிஜ வெயிலிலும் நிஜ மழையிலும் கிடந்து அது தாக்குப்பிடிக்க வேண்டும். நான் ஊருக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் இங்கிரிட்டும் கூடவே புறப்பட்டாள். ஒரு முடிவோடு திரும்பாவிட்டால் அவள் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அவளுக்கு முன்னால் சிலருக்கு அப்படிப் போயிருக்கிறது. விமானத்தில் தகடுப் பெட்டியை அவள் மடியிலிருந்து இறக்கவேயில்லை.

அண்ணன் வீட்டுத் தட்டட்டியில், அதுதான் எங்கள் பக்கத்தில் மொட்டைமாடி, தகடுகளைச் சாய்த்து வைத்து, ஒயர் இழுத்து, மீட்டரில் மாட்டினாள். வெயில் தினமும் வந்தது. மழையைக் காணோம். திரும்பும் நாள் நெருங்க நெருங்க அவள் வானத்தைப் பார்க்கிற பார்வை பயிர் வைத்திருக்கிற நம் சம்சாரிகள் பார்வை மாதிரியே ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் எனக்கு மதினி முறை. "என்ன கொழுந்தனாரே, வெள்ளக்காரப் பிள்ள வடகம் காயப் போட்டிருக்கா, ஒரு காக்காகூட எட்டிப் பாக்க மாட்டேங்கு" என்று கேலி செய்வாள்.

அண்ணன் வீட்டுப் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாது என்பதால், ஒரு நாள் பேராசிரியரோடு பேசுவதற்காக இங்கிரிட்டை டவுன் பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது பாளையங்கோட்டை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் எல்லோரும் ஷட்டரை இறக்கினார்கள். இங்கிரிட் மட்டும் கையை வெளியே நீட்டிச் சிரித்தாள். "இப்போது எல்லாம் நனைந்துகொண்டிருக்கும்" என்றாள். அப்போதுதான் எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. கண்டக்டரிடம், "அண்ணாச்சி, கொஞ்சம் வெரசாப் போகச் சொல்லுங்க" என்றேன். "ஏன் வே, வீட்டுல நெல்லு காயுதா?" என்று கேட்டுவிட்டு அவர் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். ஊர் வருகிற வரைக்கும் நான் இங்கிரிட்டின் முகத்தைப் பார்க்கவில்லை.

தட்டட்டி துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. மதினி ஈரத்தலையோடு படியேறி வந்தாள், முகமெல்லாம் பூரிப்பு.

"ஒண்ணு விடல கொழுந்தனாரே. எங்க நெல்லக்கூட அப்புறந்தான் பாத்தேன். ஒயரு முடிச்சு அவுந்து தொலையல, அரிவாள வச்சு அறுத்துட்டேன். நல்லாத் தொடச்சு, ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி, சேலையில சுத்தி வச்சிருக்கேன். பயப்படாண்டாம்னு பிள்ளைட்டச் சொல்லுங்க."

இங்கிரிட் சேலையைப் பிரித்தாள். ஒன்றோடொன்று உரசி, பூச்சில் கோடு கோடாகக் கீறல். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீறல் விழுந்தது, விழாதது என்று இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்தாள். "ஏன் தொட்டார்கள்?" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மதினி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ன சொல்லுதா? சந்தோஷந்தானே?"

ஒருத்தி நன்றிக்கு நிற்கிறாள், ஒருத்தி காரணத்துக்கு நிற்கிறாள். இங்கிரிட்டிடம் எங்கள் தெருவைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் எனக்குத் தெரிந்த ஜெர்மன் பாஷையில் சொன்னேன். பிறகு மதினி பக்கம் திரும்பி, "மதினி, இது நனையணும்னுதான் வச்சது. இந்த மழைக்குத்தான் அவ காத்துக் கெடந்தா" என்றேன்.

மதினி சேலையை மெல்ல மடித்தாள். "நனையவா? கண்ணுக்குள்ள வச்சுக் கொண்டாந்த பொருளு, நனையவா?"

"ஆமா மதினி."

"அப்பம் நான் அவ குடியக் கெடுத்துட்டேனா?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் இங்கிரிட்டுக்கு அந்த முகமே போதுமாயிருந்தது. எழுந்து வந்து மதினியின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில், கீறல் விழாத தகடுகளை மட்டும் வைத்து ஒயரை மறுபடி பற்றவைத்தாள். மதினியைக் கூப்பிட்டு மீட்டர் முள்ளைக் காட்டி, வெயிலில் எப்படி ஏறும், மேகம் வந்தால் எப்படி இறங்கும் என்று கையாலேயே பழக்கினாள். மழை வந்தால் ஒருவரையும் தொடவிடக்கூடாது என்று என்னைச் சொல்லச் சொன்னாள். "எடுத்தவளையே காவலுக்கு வைக்குதாளா?" என்றாள் மதினி. ஆனால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

நாங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் மழை வந்தது. பின்தெருப் பையன்கள் படியேறி ஓடி வந்தார்கள். "ஏலே, தொட்டா கைய முறிச்சிருவேன், கீழ போங்கலே" என்று மதினி வழிமறித்தாள். கீழேயிருந்து யாரோ, "ஏ பேச்சி, பிள்ள பொருளு நனையுது, அங்கன கல்லு மாதிரி நிக்கியே" என்று சத்தம் போட்டார்கள். மதினி நனைந்துகொண்டே, "நனையட்டும்" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவள் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

மழை விட்டு வெயில் அடித்தது. முள் பாதி ஏறியது, நின்றது, பைய இறங்கியது. இங்கிரிட் குனிந்து பார்த்தாள். ஓரத்து வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்திருந்தது. பழுப்புப் பூச்சு வெளுத்து, வெந்த தோல் மாதிரி உரிந்திருந்தது. ஒரு தகடுகூடத் தப்பவில்லை.

"நான் எடுத்து வச்சிருந்தாப் பொழச்சிருக்கும்லா. கேளுங்க அவகிட்ட" என்றாள் மதினி. ஒரு சொல் மாற்றாமல் கேட்டேன். இங்கிரிட் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாம், பிழைத்திருக்கும். ஆனால் இவர் எத்தனை கூரைக்கு ஓடுவார்?" என்றாள். மதினி அதற்கும் பதில் வைத்திருந்தாள். "இந்தத் தெரு மட்டுக்கும் ஓடுவேன்னு சொல்லுங்க."

இங்கே திரும்பியதும் பேராசிரியர் அறைக்கு வெளியே, திறந்த கதவுக்குப் பக்கத்தில் நான் காத்து நின்றேன். தகடுகள் வழியில் கீறிப்போயின, சோதனை நடக்கவில்லை என்று இங்கிரிட் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பத்தான் செய்வார்கள். அவளோ கீறல் விழுந்ததைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, நனைந்து செத்ததை எடுத்து மேஜைமேல் பரப்பினாள். அவர் வெகு நேரம் பார்த்தார். கடைசியில் விரலால் தகட்டின் விளிம்பைத் தடவி, "பூச்சு சாகவில்லை, ஓரம்தான் செத்தது. ஓரத்தைச் சரி செய்" என்றார். அவ்வளவுதான். அவள் இடம் அவளுக்கே நின்றது.

புது ஓரத்துக்கு நான்தான் கண்ணாடி வெட்டினேன். ஒரே கண்ணாடியை இரண்டு பாதியாக வெட்டி, இரண்டிலும் ஒரே நாளில் பூச்சுப் போட்டு, ஒரு பாதியை எங்கள் கட்டடத்துக் கூரையில் வைத்தோம். மறு பாதி மீட்டரோடு பார்சலில் சீவலப்பேரிக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது அண்ணன் வீட்டுப் போனுக்கு மதினி வந்து முள் நிற்கிற இடத்தைச் சொல்வாள். போன வாரமும் சொன்னாள்.

"நாலு நாளா விட்டுவிட்டு மழை. வெயில் அடிச்சா முள்ளு பழைய எடத்துக்கே ஏறிருது, அன்னைக்கு மாதிரி எறங்கல. அங்கன ஒங்க பாதி எப்படி இருக்கு?"

"பனி விழுந்து மூடிக் கெடக்கு மதினி. முள்ளு எந்திரிக்கவே இல்ல."

"தள்ளிவிட ஆளில்லையா?"

"தள்ளக்கூடாது. அப்படியே கெடக்கணும்."

போனுக்குள் ஊர் மழை இரைந்துகொண்டிருந்தது. மதினி, "பாவம்லா, ஒத்தையில கெடக்கு" என்றாள்.