வெர்லீனின் வெள்ளை வீடு

வெர்லீன் ஹட்சன்ஸுக்கு அன்றைக்கு வண்டியை எடுக்கவே பிடிக்கவில்லை. கென்டக்கியின் விஸ்கி ஆலைகளைச் சுற்றிக் காட்டும் வேனுக்கு எட்டு வருடமாக அவள்தான் ஓட்டுநர், வழிகாட்டி எல்லாம். அதற்கு முன்பு ஒரு ஆலையில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டினாள். முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் போனதும் இந்த வேலைக்கு வந்தாள். இத்தனைக்கும் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை.

எரிச்சலுக்குக் காரணம் புருஷன் டாய்ல். முந்தின நாள் ஒஹையோவிலிருந்து ப்ரூயிட் தம்பதி அவர்கள் வீட்டை விலைக்குப் பார்க்க வந்திருந்தார்கள். வீடு பிடித்துவிட்டது. கிளம்பும் நேரத்தில் டாய்ல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "நாளைக்கு எங்க வெர்லீன் வேன்லயே ஊரைச் சுத்திப் பாருங்க, காசு வேணாம்" என்றுவிட்டான்.

"உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? மூணாவது ஆலையில என்ன காட்டுவேன்னு மறந்துட்டியா?" என்று அவர்கள் போனதும் கத்தினாள்.

"அந்த எடத்துல நிறுத்தாம போயிடேன். அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிற?"

பீப்பாயில் வருடக்கணக்காகக் கிடக்கும் விஸ்கியில் கொஞ்சம் ஆவியாகிப் போகும். அதை தேவதூதர் குடிக்கிற பங்கு என்பார்கள். ஆனால் அந்த ஆவியைத் தின்று கிடங்கைச் சுற்றிலும் கரி பூசினாற்போல் ஒரு பூஞ்சணம் படரும். மரம், வேலி, சுவர் எதையும் விடாது. வெர்லீனின் வீடு அந்த மூன்றாவது ஆலையின் கிடங்குக்குப் பின்னாலேயே இருந்தது. வருடா வருடம் தேய்த்துக் கழுவி வெள்ளை அடித்து அவள் தோள் போய்விட்டது. வீட்டை விற்றுவிட்டு, ஏரிக்கரை ஊரில் இருக்கும் தங்கையிடம் போய்விட வேண்டும் என்று தவித்தாள். இதற்கு முன் வந்த இரண்டு பேரும் விஷயம் தெரிந்ததும் ஓடிவிட்டார்கள்.

மறுநாள் முதல் இரண்டு ஆலைகளும் நல்லபடியாகப் போயின. ஜானெல் ப்ரூயிட் ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று பேசிக்கொண்டே வந்தாள். மூன்றாவது ஆலையில் வெர்லீன் கறுத்த மரங்களைத் தாண்டிப் போய் வேனை நிறுத்தினாள்.

கல்யாணத்துக்கு முன் கும்மாளமடிக்க மாப்பிள்ளையோடு அதே வேனில் வந்திருந்த டென்னசிப் பையன்களில் ட்ரெவிஸ் என்பவன் போன வருடமும் வந்தவன். "அக்கா, கறுப்பு மரத்த விட்டுட்டீங்களே."

"வெயில் ஜாஸ்தியா இருக்குப்பா."

"மரத்தடியில ஏதுக்கா வெயிலு? மாப்பிள்ளைக்கு தேவதூதர் கதை தெரியாது. இருங்க, நானே சொல்றேன்."

எல்லோரையும் கூட்டிக்கொண்டு நடந்தான். வெர்லீனும் பின்னால் போக வேண்டியதாயிற்று.

"இது தீப்புடிச்ச மரம் இல்லடா, பூஞ்சணம். நம்மள மாதிரியே விஸ்கி குடிச்சு வளருது. கிடங்கச் சுத்தி இருக்கற வீடு வாசல் எல்லாம் இப்படித்தான் ஆகுமாம். அக்காதான் போன வருஷம் சொன்னாங்க. என்னக்கா, சரியா சொல்றேனா?"

"சரியாத்தான் சொல்ற" என்றாள் வெர்லீன். அவன் வாயில் ஒரு துணியை வைத்து அடைத்தால் தேவலை என்றிருந்தது.

ஜானெல் மரப்பட்டையைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். கிடங்கையும் அதற்குப் பின்னால் இருந்த மேட்டையும் பார்த்தாள்.

"வெர்லீன், உங்க வீடு அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம்தானே?"

"ஆமா."

"பெயின்ட் எப்ப அடிச்சீங்க?"

"போன வாரம்."

"அதுக்கு முன்னாடி?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "போன வருஷம். அதுக்கு முந்தின வருஷமும்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

"மாட்டோம்" என்றாள் ஜானெல். அவள் குரலில் கோபமே இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தாலாவது வெர்லீனுக்கு மனது ஆறியிருக்கும்.

ஜானெலின் கணவர் ப்ரூயிட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, செல்போனை வெர்லீனிடம் நீட்டினார். "எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுங்களேன். மரம் முழுசா வரணும்."

எடுத்தாள். ஜானெல் வாங்கிப் பார்த்தாள்.

"கொஞ்சம் பின்னால போய் எடுங்க. அந்தக் கறுப்பு சரியா விழல."

வெர்லீன் பின்னால் போனாள். இன்னும் இரண்டு ஆலை பாக்கி இருந்தது.