கழுவாத தொட்டியும் எழுதிய தேதியும்

சேரன்மகாதேவி பக்கம் ஓர் ஊராட்சியில் குடிதண்ணீர்த் தொட்டி பார்ப்பது என் வேலை. வடக்குத் தொட்டி எனக்கு. தெற்குத் தொட்டியைப் பார்ப்பவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். மாதம் இரண்டு தடவை தண்ணீரை வடித்து, உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவி, அந்தத் தேதியைத் தூணில் பெயிண்டால் எழுத வேண்டும்.

போன மழைக்காலத்தில் அங்கன்வாடி ஆயா என்னிடம் வந்தார். தண்ணீர் வாடை அடிக்கிறது, பிள்ளைகள் குடிக்க மாட்டேன் என்கிறார்கள் என்றார். அது தெற்குத் தொட்டித் தண்ணீர். தூணில் முந்தின நாள் தேதி இருந்தது. அண்ணாச்சி சாப்பிடப் போன நேரம் ஏறிப் பார்த்தேன். சுவரெல்லாம் பாசி, அடியில் வண்டல். பல மாதமாக யாரும் இறங்கியிருக்கவில்லை.

ஊராட்சி அலுவலகத்தில் சொன்னால் அவரை அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள். சொல்லாவிட்டால் பிள்ளைகள் அதைத்தான் குடிக்க வேண்டும். வடக்குத் தெருக் குழாயில் பிடித்துக்கொள்ளும்படி ஆயாவிடம் சொல்லிவிட்டு, அண்ணாச்சி சாப்பிட்டுத் திரும்பியதும் மோட்டார் அறைக்கு அவரைப் பார்க்கப் போனேன்.

எனக்கு யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது. மோட்டாரைப் பார்த்துக்கொண்டே, "அண்ணாச்சி, நாளைக்கு ரெண்டு பேருமா தெற்குத் தொட்டியைக் கழுவுவோமா?" என்றேன்.

அவர் என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த பாசியைப் பார்த்தார்.

"பாதி ஏணியிலேயே தலை சுத்துதுவே," என்றார் பைய. "வெளியே தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுருவாங்க."

இனி இரண்டு தொட்டிக்கும் நானே ஏறுகிறேன், தண்ணீர் வரவில்லை என்று தெருவில் பெண்கள் ஏசுவதை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

"அது உமக்கு ஆகவே ஆகாதுல்லா," என்று சிரித்தார்.

ஒன்று பாக்கி இருந்தது. அதையும் மோட்டாரைப் பார்த்தே சொன்னேன். "கழுவாம மட்டும் தேதி எழுதாதீங்க அண்ணாச்சி." அவர் சிரிப்பு நின்றுபோனது. சரி என்று தலையசைத்தார்.

மறுநாள் நான் உள்ளே இறங்கி வண்டலை அள்ளினேன். வாளி வாளியாகக் கீழே இறக்கினேன். அவர் வாங்கிக் கொட்டினார். மத்தியானம் வரை ஆனது.

இப்போது டீக்கடையில் அவர் சொல்கிறார்: "இவருக்கு ஊர்க்காரங்ககிட்டப் பேசப் பயம். பாவம்னு நான்தான் அந்த வேலையை எடுத்துக்கிட்டேன்." நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.